கயிற்றுக்கு டிக்கெட் போட்ட கதை

தமிழில் சர்க்கஸுக்குக் கிடைக்கிற பழைய சாட்சிகளில் ஒன்று குடித்துவிட்டுத் தள்ளாடும் ஒரு மயில். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அதைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். மலைச்சுனையில் மிளகு உதிர்கிறது, மாம்பழம் விழுகிறது, தேன் கலக்கிறது, பலாச்சுளை நெகிழ்ந்து சொட்டுகிறது. எல்லாம் ஊறிப் புளித்துக் கள்ளாகிவிட்ட விவரம் தெரியாமல், தண்ணீர்தானே என்று மயில் வயிறு முட்டக் குடிக்கிறது. அப்புறம் அது நடந்த நடை, திருவிழாவில் வாத்தியம் முழங்கக் கயிற்றின்மேல் ஆடும் பெண்ணின் தளர்நடை மாதிரி இருந்ததாம். கேட்பவனுக்குத் தெரியாத ஒன்றை உவமையாகச் சொல்கிற கெட்ட பழக்கம் கபிலருக்குக் கிடையாது. ஆகவே அந்தக் காலத்து ஊர்சனம் எல்லாருமே கயிற்றில் நடக்கும் பெண்ணைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள்.

குறுந்தொகையின் 7ஆம் பாட்டில் பெரும்பதுமனார் இன்னொரு துப்பு கொடுக்கிறார். காட்டுவழியில் வாகை மரத்தின் காய்ந்த நெற்றுகள் காற்றில் கலகலக்கின்றன. அது, ஆரியர் கயிற்றில் ஆடும்போது கொட்டுகிற பறை போலக் கேட்கிறது என்கிறார். ஆரியர் என்றால் வடக்கேயிருந்து வந்த வெளியூர்க் குழு. அதாவது கூட்டம் சேர்ப்பதற்கு வெளியூர்ப் பெயர் வேண்டும் என்பது சங்க காலத்திலேயே தெரிந்துபோன தொழில் ரகசியம்.

இரண்டு பாட்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். நேரடி இசை உண்டு. பெண் கலைஞர் உண்டு. வெளிநாட்டுக் குழு உண்டு. விலங்கு ஒன்றுகூட இல்லை. மயில் உவமைக்கு வந்ததே தவிர வேலைக்கு வரவில்லை. இதே சாமான்களை வைத்துக்கொண்டுதான் ஜோகூர் பாருவில் ஒரு பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் வெள்ளைக் கூடாரம் அடித்து, சமகாலச் சர்க்கஸ் என்று பெயர் சூட்டி, தலைக்கு நூறு வெள்ளிக்கு மேல் வாங்கிக்கொண்டு எங்களை உள்ளே விட்டார்கள். விலங்கில்லாத புதுமை என்று தட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இந்தப் புதுமைக்கு வயது இரண்டாயிரம். நடுவில் சுமார் 250 வருஷம் குதிரையும் யானையும் புலியும் உள்ளே வந்து, ஊரைக் கலக்கிவிட்டு, வெளியே போயின. அந்தக் கலகத்தில் ஜோகூருக்கும் பங்கு உண்டு.

குதிரையை உள்ளே விட்டவர் பிலிப் ஆஸ்ட்லி. குதிரைப்படையில் சார்ஜன்ட் மேஜராக இருந்து விலகியவர். பட்டாளத்திலிருந்து வந்தவர் என்ன செய்வார்? நம் ஊராக இருந்தால் நகைக்கடை வாசலில் மீசையோடு நிறுத்தி வைத்திருப்போம். ஆஸ்ட்லி 1768இல் லண்டனில் ஒரு திடலைப் பிடித்துக் குதிரைமேல் நின்று காட்டத் தொடங்கினார். குதிரை நேர்கோட்டில் பாய்ந்தால் மேலே நிற்பவர் கீழே. வட்டத்தில் ஓடினால் அந்தச் சுழற்சியே ஆளைத் தாங்கிப் பிடிக்கிறது. சோதித்துப் பார்த்து அவர் முடிவு செய்த வட்டத்தின் விட்டம் 42 அடி. உலகத்துச் சர்க்கஸ் வளையங்கள் இன்றும் அந்த அளவைச் சுற்றித்தான் இருக்கின்றன. குதிரைக்காகப் போட்ட வட்டத்தில் இப்போது குதிரை இல்லை. அரசாங்க அலுவலகங்களிலும் இப்படித்தான், ஆள் ஓய்வு பெற்றாலும் நாற்காலி அங்கேயே இருக்கும்.

1859இல் பாரிஸில் ஜூல் லியோட்டார் என்ற இளைஞர் ஊசலாடும் கம்பியிலிருந்து இன்னொரு கம்பிக்குப் பறந்து காட்டினார். அவர் போட்டிருந்த இறுக்கமான உடுப்புக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. பார் விளையாட்டு என்று நாம் சொல்வதற்கு மூலவர் அவர்.

இந்தியாவுக்கு இந்தச் சரக்கை 1879இல் கொண்டுவந்தவர்களில் பேர்போனவர் இத்தாலியர் ஜுசெப்பே கியாரினி. பம்பாயில் கூடாரம் நிரம்பி வழிந்தது. அதோடு வாயை மூடிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். இந்தியர்கள் இந்தக் கலையில் சொந்தக்காலில் நிற்க இன்னும் நாளாகும் என்று அவர் சொன்னதாகவும், பந்தயம் கட்டியதாகவும் கதை. பார்வையாளர் வரிசையில் குருந்த்வாட் ராஜாவும், அவருடைய குதிரைப் பயிற்சியாளர் விஷ்ணுபந்த் சத்ரேயும் உட்கார்ந்திருந்தது அவருடைய கெட்ட நேரம். 1880 மார்ச் 20ஆம் தேதி சத்ரேயின் கிரேட் இந்தியன் சர்க்கஸ் முதல் காட்சி போட்டுவிட்டது. இந்திய வரலாற்றில் ரோஷத்தால் தொடங்கிய காரியங்கள் ஏராளம். உருப்படியாக முடிந்த சிலவற்றில் இது ஒன்று.

சத்ரேயின் கூடாரம் தலச்சேரிக்கு வந்தபோது அங்கே கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் அதைப் பார்த்தார். களரி தெரிந்தவர். இந்த வளைவையும் நெளிவையும் நம் பையன்களும் செய்வார்களே என்று தோன்றியிருக்கிறது. 1901இல் சிறக்கரையில் சர்க்கஸ் பள்ளியே தொடங்கிவிட்டார். பிறகு அரை நூற்றாண்டுக்கு இந்தியாவில் எந்தக் கூடாரத்தைத் தூக்கிப் பார்த்தாலும் உள்ளே தலச்சேரிக்காரர் ஒருவர் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார். அங்கிருந்து புறப்பட்ட கண்ணன் பொம்பாயோ 1930களில் அமெரிக்காவின் ரிங்லிங் சர்க்கஸ் வரை போய், கயிற்றின்மேல் துள்ளித் துள்ளிக் குட்டிக்கரணம் அடித்தார். கபிலர் பார்த்த கயிறுதான், கடல் கடந்திருக்கிறது. வங்காளத்தில் பிரியநாத் போஸ் 1887இல் தொடங்கிய சர்க்கஸில் சுசீலா சுந்தரி என்ற பெண் ஆயுதம் இல்லாமல் புலிக்கூண்டுக்குள் நுழைந்தார். பெண்கள் வீட்டு வாசலைத் தாண்டலாமா என்று பெரியவர்கள் பத்திரிகைகளில் விவாதித்துக்கொண்டிருந்த காலம் அது. புலிக்கூண்டின் வாசலைப் பற்றி அவர்கள் யோசிக்கவில்லை போலும்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹார்ம்ஸ்டன் என்ற ஆங்கிலேயக் குடும்பத்தின் சர்க்கஸ் இந்தியா, மலாயா, ஜாவா என்று கப்பலில் சுற்றிச் சுற்றி வந்தது. கூண்டில் சிங்கம், புலி. ஜோகூர் நீரிணையின் இரு கரையிலும் அப்போது கம்பீரும் மிளகும் பயிரிட்ட சீனத் தோட்டங்கள். காட்டைத் திருத்தத் திருத்தப் புலிகள் வெளியே வந்தன. ஜோகூர்ப் புலிகள் கடலை நீந்திச் சிங்கப்பூருக்குப் போய், தினம் ஓர் ஆள் வீதம் தின்றதாக அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். யார் நின்று எண்ணினார்கள் என்பதை எழுதவில்லை. எப்படியானாலும், வீட்டுக் கொல்லைக்குக் காசு வாங்காமல் வந்து போய்க்கொண்டிருந்த புலியை, காசு கொடுத்துக் கூண்டுக்குள் பார்க்கும் ஏற்பாட்டை நாகரிகம் என்று சொல்லி விற்றார்கள். நம் சனமும் வாங்கியது. கூண்டுக்கு இந்தப் பக்கம் நிற்பதற்குத்தான் டிக்கெட் என்று வைத்துக்கொண்டால் விலை நியாயம்தான்.

எல்லாப் புலிகளும் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவை அல்ல. 1902 ஆகஸ்டில் சிங்கப்பூர் பீச் ரோட்டில் நடந்த ஒரு காட்சியிலிருந்து புலி ஒன்று தப்பியது. நேரே ராஃபிள்ஸ் ஹோட்டலுக்குப் போய், பில்லியர்ட்ஸ் ஆடும் மதுக்கூடத்துக் கட்டடத்தின் அடியில் பதுங்கிக்கொண்டது. தூண்கள்மேல் உயர்த்திக் கட்டிய கட்டடம். மேலே துரைமார், கீழே புலி. சுடுவதற்கு யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? பக்கத்து ராஃபிள்ஸ் பள்ளியின் தலைமையாசிரியர் பிலிப்ஸை. கவர்னர் மாளிகை விருந்து நடனத்தை முடித்துக்கொண்டு வந்து களைத்துத் தூங்கிய மனுஷரை அகாலத்தில் எழுப்பித் துப்பாக்கியைக் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? முதல் குண்டுகள் குறி தவறின. வகுப்பில் பையன்கள் செய்திருந்தால் பிரம்பு எடுத்திருப்பார். அப்புறம் ஒருவழியாகப் புலி விழுந்தது. பின்னால் வந்தவர்கள் கதைக்குச் சுவை கூட்டி, புலியைப் பில்லியர்ட்ஸ் மேசைக்கு அடியிலேயே கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டார்கள். சிங்கப்பூரின் கடைசிப் புலி என்று வேறு பட்டம் கொடுத்தார்கள். அதுவும் பொய், 1930இல் சுவா சூ காங்கில் நிஜக் காட்டுப்புலி ஒன்று சுடப்பட்டது. ராஃபிள்ஸ் புலி வெறும் வேலைக்காரப் புலி.

அதற்காக நான் வருத்தப்படுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதே காலத்தில்தான் நம் தாத்தாமாரை ஒப்பந்தம் போட்டு நாகப்பட்டினத்தில் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். மலாயாவுக்கு அந்த ஒப்பந்தக் கூலி முறை நிற்க 1910 ஆயிற்று. ஒப்பந்தத் தமிழன் தோட்டத்தை விட்டு ஓடினால் பிடித்துச் சிறையில் போட்டார்கள். ஒப்பந்தப் புலி ஓடினால் தலைமையாசிரியரைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேருக்கும் கூண்டுக்குள் சாப்பாடு உத்தரவாதம் என்று சொல்லித்தான் கூட்டி வந்தார்கள்.

ஜோகூரும் சும்மா இருக்கவில்லை. சர்க்கஸ் கம்பெனிகள் இங்கே குட்டிக்கரணம் அடித்துக்கொண்டிருந்த நாளில், ஜோகூர் சுல்தான் அபு பக்கார் லண்டனில் அதைவிடப் பெரிய கரணம் ஒன்று அடித்துக்கொண்டிருந்தார். 1885இல் அங்கே போனவர் ஆல்பர்ட் பேக்கர் என்ற சாதாரணப் பெயரில் உலவினார். அபு பக்கார், ஆல்பர்ட் பேக்கர். மாறுவேடத்தில் ஒரு சிக்கனம் தெரிகிறது அல்லவா? மைகெல் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, கல்யாணம் செய்துகொள்வதாக வாக்குக் கொடுத்து ஏமாற்றினார் பேக்கர் என்று வழக்குப் போட்டார். நீதிமன்றத்தில் பேக்கர் மறைந்து சுல்தான் தோன்றினார். இவர் சுதந்திர நாட்டு மன்னர் என்று குடியேற்ற நாட்டு அலுவலகம் கடிதம் கொடுத்தது. மன்னர் மேல் இங்கே வழக்கு செல்லாது, மாற்றுப்பெயரில் வாழ்ந்ததால் அந்த உரிமை போய்விடாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சர்வதேசச் சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்றும் இதை மனப்பாடம் செய்கிறார்கள். சுதந்திர மன்னர் என்று எழுதிக் கொடுத்த அதே வெள்ளைக்கார அரசு 1914இல், ஆலோசனை சொல்வதற்கு என்று ஜோகூருக்கு ஓர் அதிகாரியை அனுப்பி உட்கார வைத்தது. கரணம் அடிப்பதில் யார் கெட்டி என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை.

அபு பக்காரின் மகன் சுல்தான் இப்ராஹிம் புலி வேட்டையில் பேர்போனவர். 1928இல் சொந்தமாக ஒரு விலங்குக் காட்சிசாலையும் வைத்தார். பொதுமக்களுக்கு அது 1962இல்தான் திறந்தது. அதற்குள் 1924இல் கடற்பாலம் திறந்துவிட்டதால் ஜோகூர்க்காரர்களின் கேளிக்கையெல்லாம் அக்கரைக்குப் போய்விட்டது. சிங்கப்பூரில் நியூ வேர்ல்ட், கிரேட் வேர்ல்ட், ஹேப்பி வேர்ல்ட் என்று மூன்று உலகங்கள் இருந்தன. நம் புராணத்துக்கு ஈடாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். போர் முடிந்த பிறகு சீனக் குடும்பங்கள் நடத்திய தாய் தியன் கியூ, ஷீயும் சர்க்கஸ்கள் ஊர் ஊராக மலாயாவைச் சுற்றின.

தோட்டத்துத் தமிழனுக்கு இதெல்லாம் எட்டாத தூரம். லயத்திலிருந்து டவுனுக்குப் போக லாரி வேண்டும், லாரிக்குக் கிராணியின் நல்ல மனசு வேண்டும். அதனால் அவன் சர்க்கஸைச் சினிமாவில் பார்த்தான். 1966இல் டி. ஆர். ராமண்ணாவின் 'பறக்கும் பாவை' வந்தது, எம்.ஜி.ஆர். சர்க்கஸுக்குள் நுழைந்தால் யார் தோற்பார் என்று டிக்கெட் வாங்கும்போதே தெரியும். 1989இல் 'அபூர்வ சகோதரர்கள்' வந்தபோது கமல்ஹாசனின் அப்பு, கோமாளி வேலையையும் கொலை வேலையையும் ஒரே சம்பளத்தில் பார்த்தார். அந்தப் படத்துக்குப் பிறகு சர்க்கஸ் கோமாளியைப் பார்த்தால் நான் கொஞ்சம் மரியாதையோடு நடந்துகொள்கிறேன்.

கூடாரமே இல்லாமல் சர்க்கஸ் காட்டிய நம்மவரும் ஒருவர் உண்டு. ராஜா கிகி, அதாவது பல் ராஜா, என்று மலேசியா கொண்டாடும் ராதாகிருஷ்ணன் வேலு. 2003இல் 260.8 டன் ரயிலைப் பல்லால் கடித்து 4.2 மீட்டர் இழுத்தார். 2007 ஆகஸ்ட் 30இல், சுதந்திரப் பொன்விழாவுக்கு முதல் நாள், கோலாலம்பூர் பழைய ரயில் நிலையத்தில் 297.1 டன் ரயிலை 2.8 மீட்டர் இழுத்தார். தண்டவாளம் போட்ட சந்ததி கடைசியில் ரயிலையும் இழுத்துக் காட்டியது. புலி இல்லை, யானை இல்லை. ஒரு வாய், ஒரு கயிறு.

மிருகங்கள் ஒவ்வொன்றாக வெளியேறியது தனிக்கதை. அதை நான் இழுக்கப் போவதில்லை. இந்திய அரசு 1998இல் சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றைக் காட்சிக்குப் பழக்கத் தடை போட்டது. 2001இல் உச்ச நீதிமன்றம் அது சரி என்றது. அமெரிக்காவின் ரிங்லிங் 2017இல் கடையை மூடிவிட்டு, 2023இல் விலங்குகளே இல்லாமல் திரும்பி வந்தது. விலங்குகளுக்கு ஓய்வு கிடைத்தது. அவற்றின் வேலையும் சேர்த்து மனிதர்கள் தலையில் விழுந்தது.

இந்த மாற்றத்தில் கொழித்தவர் கனடாவின் கீ லாலிபர்ட்டே. தெருவில் நெருப்பு ஊதியும், அக்கார்டியன் வாசித்தும், கட்டைக்கால் கட்டி நடந்தும் பிழைத்தவர். நம் பாஷையில் சுத்தமான கழைக்கூத்தாடி. கியூபெக் அரசாங்கம் ஒரு விழாவுக்குப் பணம் கொடுக்க, 1984இல் சர்க் டு சொலைல் தொடங்கினார். கோடீஸ்வரர் ஆனார். 2009இல் காசு கொடுத்து ரஷ்ய ராக்கெட்டில் ஏறி, சிவப்புக் கோமாளி மூக்கோடு விண்வெளி நிலையத்துக்கே போய்விட்டு வந்தார். அவர் கியூபெக்கில் பிறந்த புண்ணியம். மதுரையில் பிறந்திருந்தால், போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று போலீஸ்காரர் அவருடைய கட்டைக்காலைப் பிடுங்கி ஸ்டேஷனில் வைத்திருப்பார்.

ஜோகூர்க் கூடாரத்துக்கு வருகிறேன். வாசலில் டிக்கெட் கிழித்த பையன் கையில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. அப்போது ஏதோ மாவு என்று நினைத்தேன். அரைமணி கழித்து அதே பையன் கூடார உச்சியில், ஒற்றைக் கணுக்காலில் தொங்கிக்கொண்டு, கீழேயிருந்து பறந்து வந்த பெண்ணை மணிக்கட்டில் பிடித்தான். இடைவேளையில் பாப்கார்ன் விற்ற அம்மாள்தான் இரண்டாம் பாதியில் ஒரு கையில் தலைகீழாக நின்றார். நான் இருந்த இடத்திலிருந்து அவருடைய முன்கை தெரிந்தது. முகத்தில் சிரிப்பு, உதட்டில் சாயம், முன்கையில் மட்டும் ஒரு நரம்பு விடாமல் துடித்தது. உள்ளங்கையில் தோல் உரிந்த இடத்தில் பிளாஸ்திரி. அந்தத் துடிப்பை மறைக்கத்தான் இவ்வளவு விளக்கும் புகையும் போடுகிறார்கள் என்று எனக்குப் பட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் மனைவியிடம், "இந்தம்மாவுக்கு எலும்பே இல்ல போலருக்கு" என்றார். அந்தம்மா, "இருக்கும், நீங்க பேசாம பாருங்க" என்று அடக்கினார்.

கதை என்று ஒன்று இருந்தது. ஒரு பெண் கனவில் எதையோ தேடுகிறாள். என்னத்தைத் தேடினாள் என்று இதுவரை புரியவில்லை. பக்கத்துச் சிறுவன் கேட்டதற்கு, கார் சாவியாக இருக்கும் என்று அவன் அப்பா சொன்னார். அந்த நிறுத்துமிடத்தைப் பார்த்தவர்களுக்கு அது நியாயமான பதில். கடைசியில் கயிறு வந்தது. மேளத்துக்குப் பதில் பெரிய ஒலிபெருக்கி, பறைக்குப் பதில் மின்னணு இசை. ஆனால் கயிற்றில் காலை வைத்தவுடன் ஆயிரம் பேரும் கப்சிப். கபிலர் காலத்துக் கூட்டமும் இதே நொடியில்தான் வாயைப் பிளந்திருக்கும்.

விலை அதிகம் என்று முணுமுணுக்க வேண்டாம். டிக்கெட் கிழித்து, பாப்கார்ன் விற்று, கூடாரத்துக்கு முளை அடித்து, அதன் பிறகு உயிரைப் பணயம் வைக்கிற ஆளுக்கு நூறு வெள்ளி அதிகம் இல்லை. ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள்: மலிவாக இருக்கிறதே என்று தூணுக்குப் பின்னால் இருக்கிற இருக்கையை வாங்கிவிடாதீர்கள். அங்கிருந்து தெரிவது தூண் மட்டும்தான்.